க்ரியேட்டிவ் கம்ப்யூட்டிங் பட்டப்படிப்பு: உள்ளே என்னதான் நடக்கிறது?

கோட்டுச்சித்திரம்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளிப்படிப்பு முடியப்போகிறது, பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பம் போடும் நேரம். எனக்குப் படம் வரையப் பிடிக்கும், ப்ரோகிராம் எழுதவும் பிடிக்கும், இரண்டில் எதையும் விட மனசில்லை. கணினி அறிவியலில் இடம் கிடைத்துவிடும் போலிருக்கிறது, ஆனால் ப்ரோகிராம் எழுதியே கலை செய்யக் கற்பிக்கும் க்ரியேட்டிவ் கம்ப்யூட்டிங் என்று தனியாக ஒரு பட்டப்படிப்பு இருப்பது தெரிந்ததிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. வீட்டில் "அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாய்" என்று கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பல்கலைக்கழகத் தளங்களைப் பார்த்தால் எல்லாமே பளபளவென்று இருக்கிறது, உண்மையில் வகுப்பில் என்ன செய்வார்கள் என்று ஒன்றும் புரியவில்லை. படித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள், சொல்லிக்கொடுப்பவர்கள் யாராவது இருந்தால் விவரமாகச் சொல்லுங்கள். கணிதம் எவ்வளவு தேவைப்படும் என்பதையும்.

புள்ளிமான்

கடைசி வருடம் படிக்கிறேன், அதனால் உள்ளே இருந்து சொல்கிறேன். முதல் வருடம் பெரும்பாலும் ப்ராசசிங் அல்லது பி5.ஜேஎஸ்ஸில்தான் ஆரம்பிக்கும், இரண்டும் கோட் எழுதிப் படம் வரைய உதவும் இலவசக் கருவிகள். ப்ராசசிங் 2001-இல் எம்ஐடி மீடியா லேபில் கேசி ரீஸ், பென் ஃப்ரை இருவரும் ஆரம்பித்தது, பி5.ஜேஎஸ் அதே எண்ணத்தை உலாவிக்குக் கொண்டுவந்தது, லாரன் மெக்கார்த்தி தொடங்கியது. இரண்டும் ப்ரோகிராம் எழுதத் தெரியாத வடிவமைப்பாளர்களையும் கலைஞர்களையும் மனதில் வைத்துச் செய்தவை, அதனால் முதல் நாளே திரையில் ஏதாவது நகரும். அது பெரிய விஷயம். வழக்கமான கணினிப் பாடத்தில் கறுப்புத் திரையில் ஒரு வரி எழுத்து வருவதற்குள் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விடும்.

அப்புறம் மெல்ல விரியும். ஆர்டுயினோ (ப்ரோகிராம் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை), சென்சார், மோட்டார் என்று ஒரு பாடம். ஒலி ஒரு பாடம். ஷேடர், அதாவது திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிடும் ப்ரோகிராம், எழுதுவது ஒரு பாடம், அதில்தான் நிறையப் பேர் திணறுவார்கள், ஏனென்றால் அங்கே "இந்த இடத்தில் ஒரு வட்டம் போடு" என்று சொல்ல முடியாது, ஒவ்வொரு பிக்சலும் தனித்தனியாக "நான் இருக்கும் இடத்துக்கு என்ன நிறம்" என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும், பக்கத்துப் பிக்சலுக்கு என்ன விடை வந்தது என்று கேட்கக்கூட வழியில்லை. அந்த மாதிரி யோசிக்கப் பழகிவிட்டால் ஒரு புதுக் கதவு திறக்கும். எனக்கு இந்தப் படிப்பிலேயே ரொம்பப் பிடித்தது அதுதான்.

ஆனால் தளத்தில் யாரும் எழுதாத விஷயம் க்ரிட்டிக். செய்ததை எல்லோர் முன்னாலும் ஓடவிட்டு நிற்க வேண்டும். முதல் கேள்வி "இது எப்படி வேலை செய்கிறது" என்பதாக இருக்காது, "இது ஏன் இப்படி இருக்கிறது" என்பதாக இருக்கும். "ஏன் சிவப்பு", "ஏன் இவ்வளவு வேகம்", "பார்ப்பவர் கையை அசைக்காமல் சும்மா நின்றால் என்ன ஆகும்". நன்றாகக் கோட் எழுதுபவர்கள் இங்கே வாயடைத்து நிற்பதை நிறையப் பார்க்கலாம். "நன்றாக இருக்கிறது என்று வைத்தேன்" என்ற பதில் முதல் பருவத்தோடு செல்லாது.

ஏழாம்பக்கம்

எல்லோரும் ஊக்கம் கொடுப்பீர்கள் என்று தெரியும், அதனால் மறுபக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் துறையில் இருக்கிறேன், ஆள் எடுக்கும் நேர்காணல்களில் உட்காருகிறேன். இந்த மாதிரிப் படிப்பிலிருந்து வருகிறவர்களில் பலருக்கு நூலகத்தைக் கொண்டுவந்து ஒட்டத் தெரியும், அடியில் என்ன நடக்கிறது என்று கேட்டால் தெரியாது. டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், கம்பைலர் இவற்றையெல்லாம் வேலைக்குச் சேர்ந்த பிறகு உட்கார்ந்து படிக்க யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை, அதைக் கல்லூரியில்தான் படிக்க முடியும். வரைவதை மாலையில் பழகலாம். என் கருத்து: கணினி அறிவியல் எடு தம்பி (தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்), விருப்பப்பாடமாக கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் எடு, மீதியை நீயே செய். இரண்டு படகில் கால் வைத்தால் கரை சேர்வது கஷ்டம்.

மாலைவெயில்

இந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறேன். ஏழாம்பக்கம் சார் சொல்வதில் பாதி உண்மை, அந்தப் பாதியை முதலில் ஒத்துக்கொள்கிறேன். இதே பெயரில் நடக்கும் எல்லாப் படிப்புகளும் ஒன்றல்ல. லண்டன் பல்கலைக்கழகத்தின் கோல்ட்ஸ்மித்ஸில் இது கணினித் துறைக்குள் பி.எஸ்ஸி. பட்டமாக இருக்கிறது. அதே லண்டனில் கலைப் பல்கலைக்கழகம் இதற்கென்றே க்ரியேட்டிவ் கம்ப்யூட்டிங் இன்ஸ்டிட்யூட் என்று தனி நிறுவனம் வைத்திருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஐடிபி (இன்டராக்டிவ் டெலிகம்யூனிகேஷன்ஸ் ப்ரோகிராம்) என்ற முதுநிலைப் படிப்பு 1979-இலிருந்து நடக்கிறது, அது கலைப்பள்ளியின் கீழ் வருகிறது. எந்தத் துறைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் படிப்பின் எடை ஒரு பக்கம் சாயும். ஆகவே பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் பாடப்பட்டியலைப் பாருங்கள். அல்காரிதமும் டேட்டா ஸ்ட்ரக்சரும் ஒரு பாடமாகக்கூட இல்லையென்றால் ஏழாம்பக்கம் சாரின் பயம் நியாயமானது.

ஆனால் "வரைவதை மாலையில் பழகலாம்" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தப் படிப்பு கணினி அறிவியலின்மேல் ஓவியத்தைத் தடவியது கிடையாது. இதற்குத் தனியாக ஒரு வரலாறு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளாமல் இறங்குகிறவர்கள் அறுபது வருடத்துக்கு முன்பே செய்து முடித்ததைப் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். 1965-இலேயே ஷ்டுட்கார்ட்டில் கியோர்க் நேஸ், ஃப்ரீடர் நாகே ஆகியோரின் கணினி வரைபடங்கள் காட்சிக்கு வந்துவிட்டன. 1968-இல் லண்டனில் யாஷியா ரெய்கார்ட் கணினியையும் கலையையும் சேர்த்து ஒரு பெரிய கண்காட்சி நடத்தினார். அதே 1968-இல்தான் வேரா மோல்நார் பாரிஸில் கணினியைக் கையில் எடுத்தார். அதற்குப் பல வருடம் முன்பிருந்தே அவர் கணினி இல்லாமலே, விதிகளைத் தானே வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கையால் வரைந்துகொண்டிருந்தவர். அந்த முறைக்குக் கற்பனை இயந்திரம் என்று பெயரும் வைத்திருந்தார். 2023-இல் 99 வயதில் இறக்கும்வரை வேலை செய்தார்.

அவருடைய வேலையைப் பாருங்கள், ஒரு சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் சதுரம், பிறகு மூலைகளைக் கொஞ்சமே கொஞ்சம் கலைக்கிறார். எவ்வளவு கலைத்தால் ஒழுங்கு உயிர் பெறுகிறது, எந்த இடத்தைத் தாண்டினால் வெறும் கிறுக்கலாகிறது, இதுதான் அவருடைய கேள்வி. இதை நான் முதல் வருட மாணவர்களிடம் செய்யச் சொல்வேன். கோட் சில வரிகள்தான். ஆனால் அந்த ஒரே எண்ணை, கலைப்பின் அளவை, 0.01 கூட்டி 0.01 குறைத்துப் பார்த்துப் பார்த்து "இதுதான்" என்று ஒரு இடத்தில் நிறுத்தி, ஏன் அங்கே நிறுத்தினேன் என்று சொல்ல முடிகிறவர்கள் பருவத்தின் முடிவில் வேறு ஆளாக இருப்பார்கள். அந்தக் கண் மாலையில் ஒரு மணி நேரத்தில் வராது சார், அதற்கும் வருடங்களும் சுற்றி ஆட்களும் வேண்டும்.

கணிதம் பற்றி: சைன், கொசைன், வெக்டர் (நீளமும் திசையும் உள்ள அம்பு), கொஞ்சம் மேட்ரிக்ஸ், நிகழ்தகவு. பள்ளியில் படித்ததுதான், ஆனால் மனப்பாடம் செய்ததாக இருக்கக்கூடாது. பறவைக் கூட்டம் போல நகரும் புள்ளிகளைப் பார்த்திருப்பீர்கள், 1987-இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் வெளியிட்ட முறை. ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றே விதிகள்: மிக அருகில் இருப்பவரிடமிருந்து விலகு, அக்கம்பக்கத்தார் போகும் திசைக்குத் திரும்பு, அவர்களின் நடுவை நோக்கிப் போ. மூன்றும் வெக்டர் கூட்டல் கழித்தல்தான். வெக்டரைக் கையால் வரைந்து புரிந்துகொண்டவருக்கு அது ஒரு மதிய வேலை, புரியாதவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிட்டு ஒரு எண்ணைக்கூட மாற்றப் பயப்படுவார்.

அலைவரிசை

ஒலிப் பக்கத்தை எல்லோரும் ஒரு வரியில் தாண்டிப் போகிறீர்களே என்று எழுதுகிறேன். இந்தத் துறையில் படத்துக்கு முன்னால் ஒலி வந்தது. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் 1957-லேயே கணினியை இசைக்க வைத்தார், ஒலிக் கருவிகள் செய்ய இன்று பலரும் பயன்படுத்தும் மேக்ஸ் மென்பொருளுக்கு அவர் பெயர்தான். அதை எண்பதுகளில் பாரிஸின் இர்காம் இசை ஆய்வு நிறுவனத்தில் மில்லர் பக்கெட் உருவாக்கினார், பிறகு இலவசமாகக் கிடைக்கும் ப்யூர் டேட்டாவையும் அவரே எழுதினார். வீட்டில் செலவில்லாமல் பழக வேண்டுமென்றால் ப்யூர் டேட்டா போதும்.

ஒலி கற்றால் என்ன லாபம் என்றால், நேரத்தைப் பற்றிய அறிவு வரும். திரையில் ஒரு ஃப்ரேம் தவறினால் கண் மன்னித்துவிடும், காது மன்னிக்காது, டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். வழக்கமாக ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்) போக வேண்டும், 512 மாதிரிகளாகச் சேர்த்து அனுப்பினால் ஒவ்வொரு தொகுதிக்கும் சுமார் 11.6 மில்லிவிநாடி கிடைக்கும், அதற்குள் உங்கள் கணக்கு முடியவில்லையென்றால் ஒலி உடையும். தொகுதியைப் பெரிதாக்கினால் உடையாது, ஆனால் கையைத் தட்டியதும் சத்தம் தாமதமாக வரும், வாசிப்பவருக்கு எரிச்சலாகிவிடும். இந்த இழுபறிக்குள் ஒரு கருவியைச் செய்து பார்த்தவருக்கு ஏழாம்பக்கம் கேட்கும் "அடியில் என்ன நடக்கிறது" என்ற கேள்வி தானாகவே வந்துவிடும். யாரும் பாடம் எடுத்துத் திணிக்க வேண்டியதில்லை.

ஒருதாய்

இடையில் வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளும் இதே படிப்பைத்தான் கேட்கிறாள். நீங்கள் எல்லோரும் சொல்வதைப் படிக்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் பெற்றவர்களுக்கு ஒரு கேள்விதான். படித்து முடித்ததும் எந்த வேலைக்கு விண்ணப்பம் போடுவாள்? வேலையின் பெயரைச் சொல்லுங்கள். "வாய்ப்புகள் நிறைய" என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

பழையநிரல்

அம்மா, நியாயமான கேள்வி, பெயரோடு சொல்கிறேன். இதைப் படித்து முடித்துச் சில வருடங்களாக வேலையில் இருப்பவன்.

அருங்காட்சியகங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் ஊடாட்ட அமைப்புகள் செய்துதரும் ஸ்டுடியோக்கள் இருக்கின்றன, அங்கே க்ரியேட்டிவ் டெவலப்பர் என்ற பெயரிலேயே ஆள் எடுப்பார்கள். விளையாட்டுத் துறையில் டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் என்று ஒரு பதவி, ஓவியர்களுக்கும் ப்ரோகிராமர்களுக்கும் நடுவில் நிற்கும் ஆள், ஷேடர் தெரிந்தவர்களுக்கு அங்கே நல்ல மதிப்பு. செய்தி நிறுவனங்களில் தரவுக் காட்சிப்படுத்தல். இணையதளத்தில் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தைச் செய்யும் ஃப்ரண்ட் எண்ட் டெவலப்பர் வேலைக்கும் போகலாம், நிறையப் பேர் போகிறார்கள், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. புதுப் பொருட்களுக்கு மாதிரி செய்து பார்க்கும் ப்ரோட்டோடைப்பிங் வேலை. மேடை நிகழ்ச்சிகளுக்குக் காட்சி இயக்குவது, அதற்கு டச்டிசைனர் மாதிரி நேரலைக் காட்சி மென்பொருள் தெரிந்தால் உதவும். இவற்றில் முதலிலும் கடைசியிலும் சொன்னவற்றில் ஒப்பந்த வேலை அதிகம், சில மாதம் தலைக்கு மேல் வேலை இருக்கும், சில மாதம் ஃபோன் அடிக்காது, இதை மறைக்க விரும்பவில்லை. நிலையான சம்பளம்தான் முக்கியம் என்றால் விளையாட்டு, ஃப்ரண்ட் எண்ட், தரவு இந்தப் பக்கம் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் எந்த வேலையாக இருந்தாலும் பார்ப்பது போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பைத்தான். அதில் இருபது சின்னச் சின்ன பரிசோதனைகளை விட, மனிதர்கள் வந்து தொட்டுப் பார்த்த ஒரு வேலை முழுசாக இருந்தால் போதும். ஏன் என்றால், உங்கள் மேசையில் ஓடுவதற்கும் கண்காட்சி அரங்கில் ஓடுவதற்கும் நடுவில்தான் உண்மையான படிப்பு இருக்கிறது. மேசையில் கேமரா முகத்தை அழகாகப் பிடிக்கும். அரங்கில் விளக்கை அணைத்ததும் ப்ரொஜெக்டர் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம், படம் மாறும்போதெல்லாம் அறையின் வெளிச்சம் மாறும், கேமரா தானாகவே எக்ஸ்போஷரை (உள்ளே வாங்கும் ஒளியின் அளவை) கூட்டிக் குறைக்கும், உடனே உங்கள் ப்ரோகிராம் ஆள் வந்துவிட்டதாக நினைத்துப் படத்தை மாற்றும், அதனால் மறுபடி வெளிச்சம் மாறும், இப்படி யாருமே இல்லாத அறையில் அது தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்கும். எக்ஸ்போஷரைக் கையால் பூட்ட வேண்டும், முடிந்தால் அகச்சிவப்பு விளக்கும் அதற்கேற்ற கேமராவும் வைக்க வேண்டும், அப்போதுதான் ப்ரொஜெக்டர் வெளிச்சம் கேமராவுக்குத் தெரியாது. அப்புறம் மின்சாரம் போய்த் திரும்பினால் யாரும் விசைப்பலகையைத் தொடாமலே எல்லாம் எழுந்து ஓட வேண்டும். ஒரு மணி நேரம் ஓடுவது ஒரு வாரம் ஓடாது, நினைவகம் சொட்டுச் சொட்டாக ஒழுகி மூன்றாம் நாள் நின்றுவிடும். இதையெல்லாம் தாங்கிக் கடைசிவரை ஓடிய வேலை ஒன்று இருந்தால் நேர்காணலில் உங்களுக்குப் பேச விஷயம் இருக்கும்.

ஏழாம்பக்கம்

பழையநிரல் சொன்ன மாதிரி ஆள் வந்தால் நானே எடுத்துக்கொள்வேன். என் குறை அந்த ஆளைப் பற்றியதல்ல. அப்படிப்பட்ட ஒருவரை உருவாக்கும் என்று நம்பி எடுக்கும் படிப்பில், ஒவ்வொரு பருவமும் ஒரு புது மென்பொருள் காட்டி எதிலும் ஆழம் இல்லாமல் அனுப்பிவிடுகிறார்களே, அதைப் பற்றியது. அதை மட்டும் கவனியுங்கள். சி++ மொழி ஒரு வருடமாவது இருக்கிறதா என்று பாருங்கள், அதில் எழுதும் ஓப்பன்ஃப்ரேம்வொர்க்ஸ் என்ற கலைக் கருவித்தொகுப்பைச் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் இருக்கும்.

கோட்டுச்சித்திரம்

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. (தங்கைதான், பரவாயில்லை அண்ணா.) மோல்நார் சதுரங்களைச் செய்து பார்த்தேன், எங்கே நிறுத்துவது என்று இன்னும் பிடிபடவில்லை, ஆனால் விட முடியவில்லை.

இரண்டு விஷயம் கேட்கணும். ஒன்று, பி5-இல் நாய்ஸ் (மெல்ல மெல்ல மாறும் எண்களைத் தரும் கட்டளை) வைத்து விளிம்பு நெளியும் வட்டம் போடுகிறேன், கோணத்தை நாய்ஸுக்குள் கொடுத்து ஆரத்தை மாற்றுகிறேன். அழகாக வருகிறது, ஆனால் வட்டம் முடியும் இடத்தில் மட்டும் ஒரு வெட்டு விழுகிறது. இரண்டு, ஒரு வாக்கியம் எழுதினால் ஏஐ படமே போட்டுக் கொடுத்துவிடுகிறதே, இனிமேல் இதைப் படிப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

மாலைவெயில்

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், தங்கை, ஏனென்றால் இது எனக்கு ரொம்பப் பிடித்த பிழை. இந்த நாய்ஸ் 1983-இல் கென் பெர்லின் கண்டுபிடித்தது. கணினியில் செய்த திரைப்படக் காட்சிகள் இயந்திரத்தனமாகத் தெரிந்ததில் அவருக்கு வந்த அதிருப்தியிலிருந்து பிறந்தது, அதற்காக 1997-இல் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருதும் வாங்கினார். ரேண்டம் ஒவ்வொரு முறையும் சம்பந்தமில்லாத எண்ணைத் தரும், நாய்ஸ் பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குப் பக்கத்து எண்களைத் தரும். நீங்கள் கோணத்தைக் கொடுக்கும்போது ஒரு நேர்கோட்டில் நடக்கிறீர்கள். 0 பாகையும் 360 பாகையும் வட்டத்தில் ஒரே இடம், ஆனால் அந்தக் கோட்டில் ஒன்று இந்த முனை, இன்னொன்று அந்த முனை, இரண்டுக்கும் வேறு வேறு எண். அதுதான் வெட்டு.

தீர்வு, நாய்ஸின் உள்ளேயும் வட்டமாக நடப்பது. கோணத்தின் கொசைனை ஒரு அச்சாகவும் சைனை இன்னொரு அச்சாகவும் கொடுங்கள், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருவீர்கள், வெட்டு போய்விடும். ஆனால் பி5-இல் இன்னொன்று கவனிக்கணும். சைனும் கொசைனும் மைனஸுக்குப் போகும், பி5-இன் நாய்ஸ் மைனஸ் எண்ணைப் ப்ளஸ்ஸாக மாற்றி எடுத்துக்கொள்ளும், அதனால் உங்கள் வட்டம் கண்ணாடியில் தெரிவது போல நான்கு பக்கமும் ஒரே மாதிரி நெளியும். இரண்டோடும் 1 கூட்டிவிடுங்கள், சரியாகிவிடும். மூன்றாவது அச்சில் நேரத்தைக் கொடுத்தால் வட்டம் மெதுவாக அசைய ஆரம்பிக்கும். கொசைனுக்கு முன்னால் ஒரு எண்ணால் பெருக்கி (அப்போது அந்த எண்ணையே கூட்டணும்) அதைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், நெளிவு எப்படி மாறுகிறது என்று.

புள்ளிமான்

ஏஐ கேள்வி எங்கள் வகுப்பில் தினம் ஓடுகிறது. நான் இப்படிப் பார்க்கிறேன். ஹரால்ட் கோஹன் என்ற ஓவியர் எழுபதுகளின் ஆரம்பத்திலிருந்து பல பத்தாண்டுகள் ஆரன் என்ற தன் ப்ரோகிராமுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தார், ஒவ்வொரு விதியையும் தானே எழுதி. இன்றைய ஏஐயில் விதியை யாரும் எழுதுவதில்லை, தரவுக்குள் இருக்கிறது, அந்தத் தரவில் பிறருடைய படங்கள் கேட்காமல் எடுக்கப்பட்டவையும் இருக்கின்றன, வழக்குகளும் நடக்கின்றன. இந்தப் படிப்பில் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். நீங்களே எடுத்த சில நூறு படங்களை வைத்து ஒரு சின்ன ஏஐ மாடலைப் பயிற்றுவித்துப் பாருங்கள், எந்தப் படத்தை உள்ளே விட்டோம், எதை விடவில்லை என்பதே ஒரு வடிவமைப்பு முடிவு என்று கைக்குத் தெரியும். வாக்கியம் எழுதிப் படம் வாங்குபவருக்கு அந்த முடிவில் பங்கே இல்லை. உங்கள் வட்டத்தில் வெட்டு விழுந்ததும் "ஏன்" என்று கேட்டு வந்தீர்களே, அப்படிக் கேட்கிறவர்கள்தான் எங்கள் வகுப்பில் தாக்குப்பிடிக்கிறார்கள்.

ஒருதாய்

பழையநிரல் தம்பி, வேலைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

பழையநிரல்

போன வருடக் கடைசி வருட மாணவர்களின் வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள், காணொளியாக வேண்டாம், ஓடுவதாகவே. காட்ட ஒன்றும் இல்லை என்றால் அதுவே ஒரு பதில். ஆய்வகம் எத்தனை மணிக்கு மூடும், சாலிடரிங் செய்ய உதவும் தொழில்நுட்ப உதவியாளர் முழுநேரமாக இருக்கிறாரா, கேமராவும் ப்ரொஜெக்டரும் கடன் தருவார்களா என்று கேளுங்கள், இந்தப் படிப்பில் அது நூலகம் மாதிரி முக்கியம். மாணவர் செய்யும் வேலையின் உரிமை யாருக்கு என்றும் கேளுங்கள். ஆசிரியர்கள் யாராவது வெளியில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்களா என்பதும் தெரிய வேண்டும். ஏழாம்பக்கம் சொன்ன சி++ கேள்வியை மகளையே கேட்க விடுங்கள்.

தங்கைக்கு ஒன்று: சேர்வதற்கு முன் இருக்கும் மாதங்களில் புதுப் புது மென்பொருள் தேடி ஓட வேண்டாம், பி5-லேயே இருங்கள். செய்வது ஒவ்வொன்றையும் தேதி போட்டு கிட் என்ற, கோட்டின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளில் சேமியுங்கள், ரேண்டம் சீட், நாய்ஸ் சீட் (அதே எண்களைத் திரும்ப வரவழைக்கும் தொடக்க எண்) இரண்டையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். சீட் இல்லாவிட்டால் நல்ல படம் ஒன்று வந்து போனபின் அதைத் திரும்ப வரவழைக்கவே முடியாது, விண்ணப்பத்துக்குப் பெரிய அளவில் அச்செடுக்க வேண்டியபோது கையில் ஒரு ஸ்க்ரீன்ஷாட்தான் இருக்கும். அந்தச் சதுரங்களில் எங்கே நிறுத்தினீர்கள் என்று முடிந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறோம்.